பாலாக மாறிய கடல்

சித்ரா பௌர்ணமி முடிந்து நான்காம் இரவு. வானொலியில் இரவு நிகழ்ச்சியை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. கதவைத் திறந்ததுமே மூக்கில் ஏறியது கடல் வாடை. நீர் வற்றிய நேரத்தில் கரையோரம் வருமே, அந்த வாடை.

கூடத்து இருட்டில் அப்பா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“தொட்டியைப் பாரும்மா. என்னமோ சரியில்ல.”

விளக்கைப் போட்டேன். மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டியில் யாரோ பால் பாக்கெட்டைப் பிரித்து ஊற்றியதுபோல் இருந்தது. உள்ளே இருந்த பாறைகூடத் தெரியவில்லை. கோமாளி மீன்கள் இரண்டும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

“தண்ணி எப்படி இருக்கு?”

“பால் மாதிரி இருக்குப்பா.”

அப்பா துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற மறு மாதமே எங்கள் வீவக வீட்டின் கூடத்தில் இந்த 200 லிட்டர் உப்புநீர்த் தொட்டியை வைத்தார். சில ஆண்டுகளில் கண் அழுத்த நோய் அவருடைய பார்வையை மங்கச் செய்துவிட்டது. அதன்பிறகு பராமரிப்பு என் கைக்கு வந்தது. தினமும் தொட்டிமுன் நின்று, எது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று அவருக்குச் சொல்வேன். வானொலியில் பேசி முடித்து வந்தபின் வீட்டில் இன்னொரு நேரலை! ஆனால் அன்று ஆபத்தை முதலில் கண்டுபிடித்தது என் கண்ணல்ல, அவர் மூக்கு.

பூ அல்ல, விலங்கு

இந்தக் களேபரத்துக்குக் காரணம் எங்கள் கடற்சாமந்திகள். பெயரும் தோற்றமும் பூவைப்போல இருந்தாலும் இவை விலங்குகள். பவளங்களுக்கும் ஜெல்லி மீன்களுக்கும் உறவுக்காரர்கள். மூளை கிடையாது. உணவு உள்ளே போவதும் கழிவு வெளியே வருவதும் ஒரே வாய் வழியாகத்தான். எங்களிடம் இருப்பது ‘பபிள் டிப்’ வகை. விரல்களின் நுனி குமிழ்போல உப்பியிருக்கும். விரல்களில் கொட்டும் செல்கள் உண்டு. ஆனாலும் கோமாளி மீன் அதன் நடுவே நிம்மதியாகத் தூங்கும்.

இந்த வகை இரண்டு வழிகளில் பெருகும். ஒன்று, உடல் நடுவே பிளந்து இரண்டாவது. அப்பா வாங்கியது ஒன்றுதான். அது பிளந்து இரண்டாகி, பிறகு மூன்றாகியது. மற்றொரு வழி இனப்பெருக்கம். ஆண் விந்தணுக்களையும் பெண் முட்டைகளையும் அதே வாய் வழியே நீரில் விடும். கருவுற்ற முட்டையிலிருந்து வரும் நுண்ணிய இளம் உயிர் சில நாள் மிதந்து, தோதான இடம் பார்த்து ஒட்டிக்கொள்ளும்.

பரந்த கடலில் அந்த வெண்மேகம் அலையோடு கரைந்துவிடும். 200 லிட்டர் தண்ணீரில் அது எங்கே போகும்? கோடிக்கணக்கான விந்தணுக்கள் நீரிலுள்ள பிராணவாயுவை இழுத்துக்கொள்கின்றன. செத்தவை அழுகி அம்மோனியா ஆகின்றன. அதுவும் இரவில், பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்யாத நேரத்தில், நீரில் பிராணவாயு ஏற்கெனவே குறைவு. விடியும்வரை விட்டிருந்தால் தொட்டியில் எதுவும் மிஞ்சியிருக்காது.

இரவு இரண்டு மணி வேலை

கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் பொங்கி வழிந்து, அலமாரிக்குள் குளம் கட்டியிருந்தது. நல்லவேளை, வாராந்திர மாற்றத்துக்கென்று 40 லிட்டர் உப்புநீர் கலந்து வைத்திருந்தேன். மீன்களை அதில் கொஞ்சம் எடுத்த வாளிக்கு மாற்றி, காற்றுக்குழாயைப் போட்டேன். தொட்டிக்குள் இன்னொரு காற்றுக்குழாய். பாலாக இருந்த தண்ணீரை வாளி வாளியாகக் குளியலறைக்குச் சுமந்தேன்.

அப்பா சும்மா இருக்கவில்லை. லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் இன்னும் 60 லிட்டருக்கு உப்பு போட்டுக் கலக்கத் தொடங்கினார். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு, “சரியா இருக்கு” என்றார். நான் மானியில் பார்த்தேன்: 1.025. அதேதான்!

அந்தத் தண்ணீரையும் விடிந்ததும் மாற்றி, ஆக்டிவேட்டட் கார்பன் பை ஒன்றையும் வைத்தோம். சாயங்காலத்துக்குள் தொட்டி தெளிந்துவிட்டது. இரண்டு இறால்கள் போய்விட்டன. மீன்கள் பிழைத்தன. கடற்சாமந்திகள் மூன்றும் சுருங்கிக் கிடந்து, மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல விரிந்தன.

“அப்ப குட்டி வருமா?” என்று கேட்டார் அப்பா.

வராது. மூன்றுமே ஒன்றிலிருந்து பிளந்தவை. மரபணுவில் மூன்றும் ஒரே உயிர், மூன்றும் ஆண். முட்டையிடப் பெண் கிடையாது. அவ்வளவு பெரிய ஆர்ப்பாட்டம், வராத ஒருத்திக்காக! அப்பா வெகுநேரம் சிரித்தார். பிறகு, “பாவம்” என்றார்.

வெளியே கடலிலும்

சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சுற்றிப் பவளங்கள் ஆண்டுதோறும் மார்ச், ஏப்ரல் வாக்கில், பௌர்ணமிக்கு மூன்று முதல் ஐந்து இரவுகள் கழித்து ஒட்டுமொத்தமாக முட்டைகளை விடுகின்றன. சரக்குக் கப்பல்கள் நகரும் அதே கடலில் நடக்கும் இதை ஆய்வாளர்கள் 2002ல் பதிவு செய்தார்கள். எங்கள் தொட்டியும் அதே கணக்கில் பொங்கியது தற்செயல் என்கிறேன் நான். “கூடத்து ஜன்னல்ல நிலா விழுது, மறந்துடாதே” என்கிறார் அப்பா. வழக்கு இன்னும் முடியவில்லை.

ஸ்காட்லாந்தில் ஜான் டேலியல் என்பவர் 1828ல் கடற்கரையிலிருந்து ஒரு கடற்சாமந்தியை எடுத்துவந்து கண்ணாடிக் குடுவையில் வளர்த்தார். ‘கிரானி’, அதாவது பாட்டி என்று அதற்குப் பெயர் வந்தது. நூற்றுக்கணக்கான குட்டிகளை ஈன்றது. டேலியல் 1851ல் இறந்தார். பாட்டியோ கைமாறிக் கைமாறி 1887 வரை வாழ்ந்தது. அலங்காரத்துக்காக இதை வாங்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கை யோசித்துக்கொள்ளுங்கள். வாங்கியவரையும் தாண்டி வாழக்கூடிய உயிர் இது. அடுத்து யார் பார்த்துக்கொள்வார் என்பதையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் வீட்டில் அது முடிவாகிவிட்டது. இப்போது 40 லிட்டருக்குப் பதில் 100 லிட்டர் உப்புநீர் எப்போதும் தயாராக இருக்கிறது. பௌர்ணமி தாண்டிய இரவுகளில் அப்பா தூங்கப் போவதற்குமுன் தொட்டியருகே ஒரு நிமிடம் நின்று மூச்சை இழுத்துப் பார்க்கிறார்.

“இன்னிக்கு எப்படி இருக்கு?” என்று கேட்கிறார்.

நான் நேரலையைத் தொடங்குகிறேன்.