பால் கசிந்தால் கருவுற்றிருப்பதாகப் பொருளா?

வெளிநோயாளர் பிரிவுக்கு ஒரு மாலையில் தாயும் மகளும் வந்தனர். மகளுக்குத் திருமணமாகவில்லை. அந்த மாதம் அவளுக்கு மாதவிலக்குத் தள்ளிப்போயிருந்தது; குளிக்கும்போது இரு மார்பகங்களிலிருந்தும் பால் போன்ற நீர் கசிவதைக் கண்டு தாயிடம் சொல்லியிருக்கிறாள். அன்று முதல் வீட்டில் பேச்சு நின்றுபோனது. மகளை வெளியே அமரவைத்துவிட்டு உள்ளே வந்த தாய், "எதுவாக இருந்தாலும் என்னிடம் மட்டும் சொல்லுங்கள்" என்றார். அவர் கேட்க அஞ்சிய கேள்வி எங்களுக்குப் புரிந்தது. ஆனாலும் மகளை உள்ளே அழைத்து, அவளிடமே தனியாகப் பேசினோம். சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை. வயிற்று உப்புசத்துக்காக மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கி, இரண்டு மாதங்களாக அவள் விழுங்கிவந்த மாத்திரையே காரணம். அதை நிறுத்தியபின் சில வாரங்களில் கசிவு நின்றது, மாதவிலக்கும் திரும்பியது. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளோம்.)

இதே அச்சத்துடன் வருவோர் பலர். ஆதலால் பால் சுரப்பது எவ்வாறு என்பதைச் சற்று விளக்க விரும்புகிறோம்.

மூளையின் அடிப்பகுதியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்னும் சுரப்பி உள்ளது. பால் உற்பத்தியைத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் அதிலிருந்து வருகிறது. இயல்பான நாள்களில் மூளையில் உருவாகும் டோபமின் என்ற வேதிப்பொருள் அதனை அடக்கிவைத்திருக்கும். கருவுற்ற காலத்தில் புரோலாக்டின் பெருகினாலும், அப்போது மிகுந்திருக்கும் பிற ஹார்மோன்கள் பால் பெருகாமல் தடுக்கின்றன. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியேறிய பிறகே அந்தத் தடை நீங்குகிறது. கருவுற்ற பெண்ணுக்குச் சில துளிகள் சீம்பால் கசிவதுண்டு. ஆயினும் அது பெரும்பாலும் கர்ப்பத்தின் நடுப்பகுதியிலோ இறுதியிலோதான். முதல் வாரங்களில் மார்பகம் கனப்பதும் வலிப்பதுமே வழக்கம். பால் கசிவு மட்டும் கர்ப்பத்தின் அடையாளம் ஆகாது.

குழப்பம் வருவது வேறோர் இடத்தில். புரோலாக்டின் எக்காரணத்தால் மிகுந்தாலும் கருமுட்டை வெளிவருவது தடைப்பட்டு, மாதவிலக்கு நின்றுபோகலாம். மாதவிலக்கும் வரவில்லை, பாலும் கசிகிறது என்றால் எந்தக் குடும்பமும் முதலில் கர்ப்பத்தைத்தான் நினைக்கும். எனவே ஐயத்தில் நாள்களைக் கழிக்காமல் பரிசோதித்துக்கொள்வதே முறை. மாதவிலக்குத் தள்ளிப்போன பின், காலையில் கழிக்கும் முதல் சிறுநீரில் பரிசோதிக்கலாம். கர்ப்பம் இல்லை என்று வந்தும் மாதவிலக்கு வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். திருமணமானவரா, ஆகாதவரா என்று பாராமல் எல்லாப் பெண்களிடமும் இப்பரிசோதனையை நாங்கள் கேட்பது, மருந்து தருவதற்கும் படம் எடுப்பதற்கும் முன் அது தேவை என்பதனால்தான். எவரையும் ஐயுற்று அன்று.

கர்ப்பம் இல்லையெனில் அடுத்து நாங்கள் கேட்பது மருந்துகளைப் பற்றியே. வாந்திக்கும் நெஞ்செரிச்சலுக்கும் தரப்படும் டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு, லீவோசல்பிரைடு ஆகியன டோபமினைத் தடுப்பவை. அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளோடு ஒரே மாத்திரையில் இவை கலந்து வருவதால், தாம் எதை உண்கிறோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. மனநல சிகிச்சைக்குரிய ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு போன்றவையும் இவ்விளைவைத் தரும். ஆனால் மனநல மருந்தைத் தாமாக நிறுத்திவிடலாகாது. பால் கசிவைவிட அதுவே பெரிய கேடு விளைவிக்கும். எழுதித் தந்த மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ வழியுண்டு.

தைராய்டு சுரப்பு குறைந்தாலும் பால் கசியலாம். தாய்ப்பாலை நிறுத்திய பின் பல மாதங்கள் வரை சிறு கசிவு நீடிப்பதும் இயல்பே. ஐந்தாம் மாதத்தில் கருவை இழந்த பெண்ணுக்கும் ஓரிரு நாள்களில் பால் கட்டும். முன்பே சொல்லிவைக்காவிட்டால், இழப்பின் மேல் அது இன்னொரு வலியாகும். அத்தகைய பெண் வீட்டில் இருந்தால், உடலின் இயல்பு இது என்று உடனிருப்போர் எடுத்துச் சொல்லுங்கள்.

சிலருக்குப் பிட்யூட்டரி சுரப்பியிலேயே சிறு கட்டி இருக்கும். கட்டி என்றதும் புற்றுநோய் என்று கலங்க வேண்டாம்; இது ஏறக்குறைய எப்போதும் புற்றுநோய் அல்லாத கட்டி. பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சையின்றி, வாரம் ஓரிரு முறை உண்ணும் காபர்கோலின் மாத்திரையாலேயே கட்டி சுருங்கிவிடும். தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வையும் மங்கினால் உடனே வர வேண்டும்.

இதுவரை சொன்னது இரு மார்பகங்களிலிருந்தும் வரும் பால் நிறக் கசிவைப் பற்றியது. ஒரு மார்பகத்தில் மட்டும், அழுத்தாமல் தானாகவே, இரத்தமாகவோ தெளிந்த நீராகவோ கசிந்தால் அது வேறு வகை. பால் நாளத்தில் வளரும் தீங்கற்ற சிறு முளையே பெரும்பாலும் காரணமாக இருப்பினும், புற்றுநோய் இல்லை என உறுதிசெய்ய மார்பக ஸ்கேனும் தேவைப்பட்டால் மேமோகிராமும் எடுக்க வேண்டும். கட்டி தென்பட்டாலும், காம்பு உள்ளிழுத்தாலும், ஆண்களுக்கு எவ்வகைக் கசிவு வந்தாலும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

நின்றுவிட்டதா என்று நாள்தோறும் அழுத்திப் பார்ப்பவர்கள் உண்டு. அழுத்துவதும் புரோலாக்டினைத் தூண்டும். அதனாலேயே கசிவு தொடரலாம். (பிறந்த குழந்தையின் மார்பில் பால் இருப்பதாகப் பிழிந்துவிடும் பாட்டிமார்களுக்கும் இது பொருந்தும். தாயின் ஹார்மோனால் வருவது அது. சில வாரங்களில் தானே நிற்கும். பிழிந்தால் சீழ் பிடிக்கக்கூடும்.) புரோலாக்டின் இரத்தப் பரிசோதனைக்கு வரும் நாளில் மார்பகத்தை அழுத்தாதீர்கள், தூங்கி எழுந்த உடனேயும் இரத்தம் கொடுக்க வேண்டாம். பதற்றத்தாலும் அளவு சற்று உயரும் என்பதால், சிறிது கூடுதலாக வந்தால் மறுமுறை பார்ப்போம்.

வரும்போது அண்மையில் உண்ட எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கொண்டுவாருங்கள். காலியான அட்டையும் உதவும். நாட்டு மருந்துப் பொட்டலமும் இருக்கட்டும். கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியைக் குறித்துவாருங்கள். மகளுடனோ மருமகளுடனோ வருவோரைச் சிறிது நேரம் வெளியே அமரச் சொன்னால் மனம் வருந்த வேண்டாம். வயதுவந்த பெண் சொல்வதை அவர் இசைவின்றி யாரிடமும் நாங்கள் பகிர்வதில்லை.