நோட்டன் பிரிட்ஜ் நீர்க்கரையிலே

எரிமலை அடங்கிய வாயிலே மழைநீர் தேங்கி ஏரியாவதை மாணவர்கள் புவியியற் பாடத்தில் படித்திருப்பார்கள். இந்தோனேசியாவின் புளோரஸ் தீவிலே, கெலிமுத்து மலையுச்சியில் அத்தகைய ஏரிகள் மூன்று உள. மூன்றும் வெவ்வேறு நிறங்காட்டி நிற்பவை. இலங்கையின் மலைநாட்டில் எரிமலை ஏரி எதுவும் இல்லை. இங்கு நம் கண்ணை மயக்கும் ஏரிகள் மனிதன் ஆக்கியவை. கெஹல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய நோட்டன் பிரிட்ஜ் நீர்த்தேக்கமும் அவற்றுள் ஒன்று.

விடுமுறை நாளொன்றில் மாணவர் சிலருடன் நாம் அதன் கரையோரமாக நடந்தோம். ஒருபுறம் தேயிலைச் சரிவு. மறுபுறம் மூடுபனி படிந்த நீர். கால் நனைந்த இடமெல்லாம் அட்டைகள். இவ்வழி செல்வோர் காலையிலேயே புறப்படுதல் நலம். நீர் திடீரென ஏறி இறங்குமாதலால் அணையருகே இறங்குதல் ஆகாது.

இந்நீரின் வரலாறு அறியத்தக்கது. மலையருவிகளிலிருந்து மின்சாரம் பெறலாமென 1918இல் எடுத்துரைத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1920களில் தொடங்கிய வேலை இடையில் நின்றது. 1950இலேதான் லக்ஷபான மின்நிலையம் இயங்கலாயிற்று. பின்னர், காசல்ரீ நீர்த்தேக்கத்து நீர் சுரங்கவழி வந்து, அவர் பெயர் தாங்கிய நிலையத்தில் மின்னாக்கி, நோட்டன் பிரிட்ஜில் சேர்ந்து, மீண்டும் லக்ஷபானவில் மின்னாகின்றது. ஒரே நீர் இருமுறை உழைக்கின்றது!

அந்த மின்சாரம் தொலைவிலுள்ள நகரங்களை ஒளிரச் செய்த காலத்தில், இச்சரிவிலே கொழுந்து பறித்தோரின் லயங்கள் பலவற்றில் குப்பி விளக்கே நெடுங்காலம் எரிந்தது. ஏரியின் அழகைப் பாடுவோர் இதனையும் எண்ணுதல் வேண்டும்.

எதிரே உயர்வது ஏழு கன்னியர் மலை. 1974 டிசம்பர் 4ஆம் நாள், இந்தோனேசியாவிலிருந்து மக்கா நோக்கிச் சென்ற யாத்திரிகரின் விமானம் அதில் மோதியது. 191 பேரும் மாண்டனர். எரிமலை ஏரிகளின் நாட்டிலிருந்து வந்தோர், எரிமலையே இல்லாத இம்மலையில் உயிர் நீத்தனர். அக்கதையைக் கேட்டபின் மாணவர்கள் நெடுநேரம் பேசவில்லை. பனி விலகியதும் மலை தெளிவாகத் தெரிந்தது. அதன் கீழே நீர் அசைவற்றுக் கிடந்தது.