பயிர் காத்த பொடிகள்: ஒரு வரவு செலவுக் கணக்கு

பயிர்க் கடன் வழங்கும்போது வங்கிகள் ஒரு செலவுப் பட்டியலை அடிப்படையாகக் கொள்கின்றன. உழவு, விதை, உரம், களையெடுப்பு, அறுவடை என ஒவ்வொன்றுக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று தொகை குறிக்கப்பட்டிருக்கும். அவற்றின் நடுவே 'பயிர்ப் பாதுகாப்பு' என்று ஒரு வரி உண்டு. விண்ணப்பம் தரும் உழவர் அதைப் பற்றிக் கேட்பதில்லை. பரிசீலிக்கும் நாமும் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆயினும் அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் ஏறத்தாழ 150 ஆண்டுகால வரலாறு இருக்கிறது. இன்று திரவ மருந்துகளே மிகுதி என்றாலும், அவ்வரலாற்றின் பெரும்பகுதி பொடிகளுக்கு உரியது. அப்பொடிகளின் கணக்கை வரவும் செலவுமாக இங்கே நம் வாடிக்கையாளர்களின் பார்வைக்கு வைக்கிறோம்.

சாம்பலுக்குப் பின் வந்த நஞ்சு

காய்கறிச் செடிகளின் மீது அதிகாலையில் அடுப்புச் சாம்பலைத் தூவும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. இலையில் பனி ஈரம் இருக்கும்போது தூவினால் சாம்பல் ஒட்டிக்கொள்ளும் என்பது பாட்டிமார் அறிந்த உண்மை. பின்னாளில் விஞ்ஞானிகள் வகுத்த முறைக்கும் இந்த ஈரமே அடிப்படையாயிற்று. ஆனால் அவர்கள் தூவியது சாம்பலன்று.

1860களின் இறுதியில் அமெரிக்க உருளைக்கிழங்கு வயல்களைக் கொலராடோ வண்டு என்னும் பூச்சி சூறையாடியது. உழவர்கள் கைக்கு அகப்பட்ட ஒன்றைப் பயன்படுத்தினர். 'பாரிஸ் பச்சை' என்ற பெயரில் வண்ணப்பூச்சுக்காக விற்கப்பட்ட பச்சை நிறப் பொடி அது. தாமிரமும் ஆர்சனிக் என்னும் பாஷாணமும் சேர்ந்த சேர்மம். அதை மாவிலோ சுண்ணப் பொடியிலோ கலந்து இலைகளின் மேல் தூவினர், வண்டுகள் மடிந்தன. வண்ணக் கடையில் கிடைத்த ஒரு நஞ்சு இவ்வாறு வேளாண் இடுபொருளாயிற்று. 1890களில் காரீய ஆர்சனேட் வந்தது. இது இலையைக் கருக்குவது குறைவு. மழைக்கும் எளிதில் கழுவப்படாது. ஆகவே பழத்தோட்டங்களில் அது நிலைபெற்றது.

பருத்தியும் கடனும்

பொடி மருந்து பெருந்தொழிலாக வளர்ந்த இடம் அமெரிக்காவின் தென்மாநிலங்கள். 1892இல் மெக்சிகோவிலிருந்து டெக்சாஸ் மாநிலத்துக்குள் ஒரு கூன்வண்டு நுழைந்தது. அரை அங்குலம்கூட இல்லாத அந்த வண்டு அடுத்த 30 ஆண்டுகளில் ஏறக்குறைய பருத்தி விளையும் பகுதி முழுவதையும் பிடித்துக்கொண்டது. நம் நாட்டுப் பருத்தியை வாட்டும் காய்ப்புழு வேறு, இது வேறு. இவ்வண்டு பருத்தியின் சப்பையைத் துளைத்து அதனுள் முட்டையிடும். புழு உள்ளேயே வளர்வதால் வெளியே தூவும் மருந்து அதைத் தொடாது. சப்பைகள் மட்டும் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

வங்கியாளர் என்ற முறையில் அங்கு நம் கவனத்தை ஈர்ப்பது கடன் ஏற்பாடு. அப்பகுதியின் சிறு உழவர்களும் குத்தகையாளர்களும் விதை முதல் வீட்டு மளிகை வரை கடனுக்கு வாங்கி, வரவிருக்கும் பருத்தியையே ஈடாக வைத்திருந்தனர். சப்பை உதிர்ந்தால் உழவரின் வருமானம் போயிற்று. கடைக்காரரின் நிலுவை நின்றது. கடைக்காரருக்குக் கடன் கொடுத்த வங்கியும் தள்ளாடியது. ஒரு சிறு வண்டு மூன்று பேரேடுகளில் ஒரே நேரத்தில் நட்டம் எழுதியது.

லூசியானா மாநிலத்தின் டல்லூலா என்ற ஊரில் இயங்கிய அரசு ஆய்வுக்கூடத்தில் பி.ஆர். கோட் என்ற பூச்சியியலாளர் இதற்கு வழி தேடினார். வளர்ந்த வண்டுகள் செடியின் மேல் படிந்த பனிநீரைக் குடிப்பதை அவர் கவனித்தார். அந்நீரில் நஞ்சு இருந்தால் வண்டு மடியும். 1910களின் பிற்பகுதியில் கால்சியம் ஆர்சனேட் பொடி அதற்குத் தகுந்ததெனக் கண்டனர். காரீய ஆர்சனேட்டைவிட அது விலை மலிவு. திரவம் தெளிக்க வேண்டுமானால் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் சுமக்க வேண்டும். பொடிக்கு அந்தக் கவலை இல்லை. பனி படிந்த இரவிலும் விடியலிலும் தூவுவதே முறை என்று அறிவுறுத்தினர். கருவி வாங்க இயலாதவர்கள் கோவேறு கழுதையின் மேல் குறுக்கே ஒரு கழியை வைத்து, அதன் இரு முனைகளிலும் துணிப் பைகளைக் கட்டி, சாலுக்குச் சால் உலுக்கிக்கொண்டே சென்றனர்.

அவர்கள் வகுத்த மற்றொரு விதி நமக்கு மிகவும் பிடித்தது. பூச்சியைக் கண்டவுடன் தூவாதே, முதலில் எண்ணிப் பார் என்பது அது. 100 சப்பைகளில் 10 முதல் 15 வரை துளைபட்ட பின்னரே தூவத் தொடங்க வேண்டும். அதற்கு முன் தூவினால் மருந்துச் செலவு வரவை மிஞ்சும். பொருளாதாரச் சேத நிலை என்று இன்றைய வேளாண் நூல்கள் கூறும் கருத்தின் முளை இதில் இருக்கிறது.

வானிலிருந்து பொழிந்த பொடி

1921 ஆகஸ்ட் 3 அன்று ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகருக்கு அருகே, கம்பளிப்புழு தாக்கிய கடால்பா மரத்தோப்பு ஒன்றின் மேல் இராணுவ விமானம் ஒன்று தாழப் பறந்தது. ஓட்டியவர் ஜான் மக்ரெடி. விமானத்தின் பக்கவாட்டில் பொருத்திய பெட்டியிலிருந்து காரீய ஆர்சனேட் பொடி பொழிந்தது. புழுக்களில் மிகப் பெரும்பகுதி மடிந்தது. அடுத்த ஆண்டே டல்லூலாவில் பருத்தியின் மீது இம்முறையைச் சோதித்தனர்.

இதிலிருந்து ஒரு வணிகமும் பிறந்தது. ஹஃப் டாலண்ட் டஸ்டர்ஸ் என்ற நிறுவனம் 1920களின் நடுவில் வயல்களுக்கு விமானத்தில் பொடி தூவுவதையே தொழிலாகக் கொண்டது. 1928இல் அது கைமாறி, மிசிசிப்பி ஆற்றின் டெல்டாப் பகுதியை நினைவூட்டும் பெயரைப் பெற்றது. இன்று உலகின் மிகப் பெரிய விமான நிறுவனங்களுள் ஒன்றாக விளங்கும் டெல்டா ஏர்லைன்ஸின் தொடக்கம் இதுவே.

பற்றுப் பக்கம்

இதுவரை பார்த்தது வரவு. பற்றுப் பக்கத்தில் முதலில் எழுத வேண்டியது அசுவினி. கால்சியம் ஆர்சனேட் கூன்வண்டைக் கொன்றது; கூடவே அசுவினியைத் தின்று வாழும் பொறிவண்டு போன்ற நன்மை செய்யும் பூச்சிகளையும் கொன்றது. பொடி தூவிய பல வயல்களில் அசுவினி பெருகியது. அதற்கு வேறொரு மருந்து வேண்டியதாயிற்று. ஒரு கடனை அடைக்க மறு கடன் வாங்கும் நிலைக்கு இது ஒப்பானது. தேனீக்களும் மடிந்தன.

அடுத்தது மண். ஆர்சனிக் ஒரு தனிமம். அது மக்கி அழிவதில்லை. ஆண்டுதோறும் தூவியது மேல்மண்ணிலேயே தங்கியது. காரீய ஆர்சனேட்டை அமெரிக்கா 1988இல் முற்றாகத் தடை செய்தது. ஆனால் பழைய ஆப்பிள் தோட்டங்கள் இருந்த நிலங்களில் வீடு கட்டுவோர் இன்றும் மண்ணைச் சோதிக்க வேண்டியுள்ளது. தோட்டம் போட்டவர் இல்லை. அதன் பழத்தைத் தின்றவரும் இல்லை. நிலுவை மட்டும் நிலத்தின் பெயரில் நிற்கிறது.

நம் நாட்டின் வெள்ளைப் பொடி

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆர்சனிக்கின் இடத்தைச் செயற்கை வேதிப்பொருள்கள் பிடித்தன. டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லும் ஆற்றலை 1939இல் பால் முல்லர் கண்டறிந்தார். பி.எச்.சி. என்னும் பென்சீன் ஹெக்சாகுளோரைடை மைக்கேல் ஃபாரடே 1825லேயே உருவாக்கியிருந்தார். அது பூச்சியைக் கொல்லும் என்பது 1940களில்தான் தெரியவந்தது.

இந்தியாவில் பூச்சிக்கொல்லித் தயாரிப்பு 1952இல் கல்கத்தாவுக்கு அருகே பி.எச்.சி. ஆலையுடன் தொடங்கியது. விடுதலை பெற்று ஐந்தே ஆண்டுகள், உணவுப் பற்றாக்குறை, விளைந்ததில் ஒரு பங்கைப் பூச்சி தின்றது. அந்நிலையில் மலிவான, தண்ணீர் வேண்டாத, துணிப் பையில் போட்டு உதறினாலே போதுமான ஒரு பொடி பெரும் உதவியாகத் தோன்றியதில் வியப்பில்லை. நெல்லில் பால் பிடிக்கும் பருவத்தில் கதிர்நாவாய்ப் பூச்சிக்கும், பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டங்களுக்கும் அதுவே மருந்து. 'பி.எச்.சி. 10 விழுக்காட்டுத் தூள்' என்பது உழவர் நாவில் சாதாரணச் சொல்லாயிற்று.

அந்த 10 விழுக்காட்டைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். 100 கிலோ தூளில் 10 கிலோ பி.எச்.சி.; எஞ்சிய 90 கிலோ களிமண் போன்ற நிரப்பி. பி.எச்.சி. ஒரே பொருளன்று, ஆல்பா, பீட்டா, காமா முதலிய பல வடிவங்களின் கலவை. அவற்றுள் பூச்சியைத் திறம்படக் கொல்வது காமா மட்டுமே. அதன் பங்கு 10 முதல் 15 விழுக்காடு. ஆக, 100 கிலோவில் உண்மையாக வேலை செய்தது ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ. எஞ்சிய எட்டரை, ஒன்பது கிலோ பி.எச்.சி. பெரிய பயனின்றி வயலுக்குச் சென்றது. காமாவைத் தனியே பிரித்துத் தூய்மையாக்கினால் விலை ஏறும். பிரிக்காமல் விற்றால் மலிவு. அந்த மலிவு இவ்வாறுதான் கிடைத்தது.

பயனில்லாத பகுதி தீங்கும் இல்லாததாக இருந்திருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் அதிலுள்ள பீட்டா வடிவம் எளிதில் சிதையாது; உடலின் கொழுப்பில் தங்கும். ஜப்பானில் நெல் வயல்களில் பி.எச்.சி. மிகுதியாகத் தூவப்பட்டது. 1960களின் இறுதியில் அங்கே பசும்பாலில் பீட்டா வடிவம் இருப்பதைக் கண்டனர். வயலில் தூவியது வைக்கோலில் தங்கி, வைக்கோலைத் தின்ற பசுவின் வழியாகப் பாலுக்கு வந்திருந்தது. 1971இல் அந்நாடு அதைக் கைவிட்டது. இந்திய ஆய்வுகளும் பசும்பாலிலும் தாய்ப்பாலிலும் அதன் எச்சத்தைக் கண்டறிந்தன. நம் நாட்டில் பி.எச்.சி. தடை செய்யப்பட்டது 1997 ஏப்ரல் 1 முதல். தூய காமா வடிவமான லிண்டேன் 2013இல் தடைக்குள்ளாயிற்று.

தொழுவத்தில் ஒரு சாக்கு

சென்ற ஆண்டு கறவை மாட்டுக் கடன் கேட்ட ஒருவரின் இடத்தைப் பார்வையிட ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தோம். தொழுவம் தூய்மையாக இருந்தது, தீவனத்துக்கும் குறைவில்லை. வைக்கோல் அடுக்கியிருந்த பரணின் மூலையில் பாதி நிரம்பிய பழஞ்சாக்கு ஒன்று தெரிந்தது. அச்சு எழுத்துகள் அழிந்துவிட்டிருந்தன. உடன் வந்த வேளாண் அலுவலர் அதை நெருங்கியதுமே பூசணம் பிடித்தது போன்ற வாடையை வைத்து அடையாளம் கண்டார்.

"அது எங்க அப்பா காலத்து மருந்து சார். எறும்புக்கு மட்டும் கொஞ்சம் போடுவோம். நல்லாக் கேட்கும்" என்றார் அவர்.

அவர் பொய் சொல்லவில்லை, நன்றாகத்தான் கேட்கும். ஏறக்குறைய 30 ஆண்டுகளாகத் தடையில் உள்ள பொருள் அது என்றும், அந்தச் சாக்குக்குக் கீழிருக்கும் வைக்கோலைத்தான் நாம் கடன் கொடுக்கவிருக்கும் மாடு தின்னும் என்றும் விளக்கினோம். சிறிது நேரம் பேசாமல் நின்றவர், "இந்தப் பாலைத்தானே சார் பேரப்பிள்ளைக்குக் கொடுக்குறோம்" என்றார். வேளாண் அலுவலர் சாக்கை அப்புறப்படுத்தும் பொறுப்பை ஏற்றார். அதைத் தொட்டிருந்த வைக்கோலும் நீக்கப்பட்டது. கடன் வழங்கப்பட்டது. நம் பார்வையீட்டு அறிக்கைப் படிவத்தில் இதைப் பதிய ஒரு கட்டம் இல்லாததால், குறிப்பாக எழுதி வைத்தோம்.

வாடிக்கையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்

1958இல் பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த மாவை உண்டு கேரளத்தில் 100க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்துயரத்தின் விளைவாகவே 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டது. உணவுப் பொருளும் பூச்சி மருந்தும் ஓரிடத்தில் இருக்கலாகாது என்பது அன்றே கற்ற பாடம்.

ஆகவே வீட்டுப் பரணிலோ தொழுவத்திலோ பெயர் தெரியாத பழைய பொடி இருந்தால் அதை எறும்புக்கும் செல்லுக்கும் பயன்படுத்த வேண்டாம், கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்ட வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். வட்டார வேளாண் அலுவலகத்தில் தெரிவியுங்கள். 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு மைய எண்ணிலும் ஆலோசனை பெறலாம். புதிய மருந்து வாங்கும்போது ரசீது கேளுங்கள். காலாவதி நாளையும், நச்சுத் தன்மையைக் காட்டும் வண்ணக் குறியையும் பாருங்கள். சிவப்பு மிகக் கடுமையானது. மஞ்சள், நீலம், பச்சை எனக் கடுமை குறையும். தெளித்தபின் எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்று உறையில் குறித்திருப்பதை மீறாதீர்கள்.

பூச்சியிடமிருந்து பயிரைக் காப்பது தேவை. அதற்கான செலவும் தேவை. அப்பொடிகளால் காப்பாற்றப்பட்ட விளைச்சலை உண்டு வளர்ந்தவர்களுள் நாமும் உண்டு. ஆனால் மூட்டையில் அச்சிட்ட விலை அதன் முழு விலையன்று. பயிர்ப் பாதுகாப்பு என்ற அந்த ஒரு வரிக்கு வரும்போது, என்ன மருந்து, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று இப்போது நாம் தவறாமல் கேட்கிறோம். எங்கள் கிளைக்கு வரும் உழவர் பெருமக்கள் அக்கேள்வியை ஐயமாகக் கொள்ளாமல் அக்கறையாகக் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.