கரியின் பயணம்: கடற்சிப்பி முதல் வயல் மண் வரை

இன்று பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் அரியலூர் மாவட்டத்திலும், பெரம்பலூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியிலும் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கடல் பரந்திருந்தது. சுரங்கங்களில் வெளிப்படும் சிப்பிகளும் நத்தைகளும் அதற்குச் சான்றாகும். அவ்வுயிர்கள் தம் ஓடுகளில் சேர்த்து வைத்த கரியே இன்று சுண்ணாம்புக்கல்லினுள் அடங்கிக் கிடக்கின்றது. கரி என்றவுடன் அடுப்புக்கரியே நம் நினைவுக்கு வரும். ஆனால் நெல், பால், மரம், மனித உடல், காற்று, கல் ஆகிய யாவற்றிலும் அஃது உள்ளது. அது அழிவதில்லை, இடம் மாறுகின்றது. அம்மாற்றத்தை அறிவது உழவருக்கும் பஞ்சாயத்துக்கும் பெரிதும் பயன்படும்.

காற்றிலிருந்து பயிருக்கு

பயிரின் இலை காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு, வேர் தரும் நீருடன் சேர்த்து, சூரிய ஒளியின் துணையால் சர்க்கரையாக்குகின்றது. தண்டும் தானியமும் பஞ்சும் இதிலிருந்தே உருவாகின்றன. உலர்ந்த பயிரின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு கரியாகும். மாடு தட்டையைத் தின்றால், அக்கரியில் ஒரு பங்கு மூச்சாகக் காற்றுக்குத் திரும்புகின்றது. ஒரு பங்கு சாணமாக நிலத்தை அடைகின்றது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சாணத்தையும் சருகையும் தின்று, பெரும்பங்கை வாயுவாக வெளியிட்டு, எஞ்சியதை மட்காக விடுகின்றன. காற்றுப் புகாத இடத்தில் மட்கினால் மீத்தேன் வாயு உண்டாகும். சாண எரிவாயுக் கலம் நம் அடுப்புக்குத் தருவது இதனையே.

கல்லில் தங்கிய கரி

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று உள்ளது. புவியியல் அறிஞர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் 1940ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தார். அம்மரத்தின் வடிவம் நின்றது. மரப்பொருளின் இடத்தைச் சிலிகா என்னும் மணற்சத்துப் பற்றிக்கொண்டது. சுண்ணாம்புக்கல்லிலோ கரி இன்றும் நிலைத்துள்ளது. தூய கல் 100 கிலோவைச் சூளையில் சுட்டால், 44 கிலோ கரியமில வாயுவாகப் பிரிந்துபோக, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து அவ்வாயுவை மெல்ல மீட்டு மீண்டும் இறுகும்.

அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகளில் சுடப்படுவதும் இக்கல்லே. கோடிக்கணக்கான ஆண்டுகள் கல்லில் உறங்கிய கரி, உலையில் சிறிது பொழுதில் காற்றில் கலக்கின்றது. உலகெங்கும் நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிக்கப்படுவதால், 1750ஆம் ஆண்டளவில் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280ஆக இருந்த கரியமில வாயு, 2024ஆம் ஆண்டில் 420ஐக் கடந்துவிட்டது. இவ்வாயு வெப்பத்தைத் தடுத்து வைப்பதால் பூமி சூடேறுகின்றது. மழையின் ஒழுங்கும் மாறுகின்றது. மானாவாரி நிலத்தை நம்பியுள்ள நமக்கு இது சிறு கவலையன்று. எனினும் வீடும் பாலமும் கட்டச் சிமெண்ட் வேண்டும். ஆலைகளால் பலர் பிழைக்கின்றனர். ஆலையின் புகைபோக்கி நம் ஆளுகையில் இல்லை. நம் வயல் இருக்கின்றது.

வயலில் செய்யத்தக்கவை

ஓர் ஏக்கரில் 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள மேல்மண் ஏறத்தாழ 9 இலட்சம் கிலோ எடையுள்ளது. அதில் கரி 0.5 சதவிகிதம் இருப்பினும் 4,500 கிலோ ஆகின்றது. மண்வள அட்டையில் 'அங்ககக் கரிமம்' என்று குறிப்பிடப்படுவது இதுவே. 0.5 சதவிகிதத்துக்குக் குறைந்தால் மண் வலுக்குன்றியதெனக் கொள்ளலாம். கரி மிகுந்த மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மழை தவறிய நாட்களில் பயிரைச் சிறிது காலம் தாங்கும்.

ஆகவே மக்காச்சோளத் தட்டைக்குத் தீ வைத்தலாகாது. தீயிட்டால் சாம்பற்சத்து மட்டும் எஞ்சும். கரியும் தழைச்சத்தும் பெரும்பாலும் காற்றோடு போய்விடும். தட்டையை விதைப்புக்குச் சற்று முன்னர் அப்படியே உழுது புதைப்பதும் நன்றன்று. நுண்ணுயிர்கள் தழைச்சத்தைக் கவர்ந்துகொள்வதால் இளம்பயிர் வெளிறும். அதனைத் துண்டாக்கிச் சாணக் கரைசலுடன் குழியிலிட்டு மட்கவைத்தல் நலம். பருத்திமாரைப் புழு தங்காதபடி அறுவடை முடிந்தவுடன் அகற்றி, அவ்வாறே செய்யலாம். சணப்பை, கொளுஞ்சி ஆகியவற்றை விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவதும் பயன் தரும்.

பஞ்சாயத்துக்கள் பொது எருக்குழிகளை அமைக்கலாம். தூர்வாரிய ஏரி வண்டலை வயல்களுக்கு எடுத்துச் செல்ல முறைப்படி ஏற்பாடு செய்யலாம். ஏரிக்கரை மரங்களைக் காக்கலாம். மரம் நிற்கும்வரையே அதன் கரியும் நிற்கும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், அறுவடைக்குப் பின் எவரும் தட்டைக்குத் தீயிடுவதில்லை என்று ஒவ்வோர் ஊரும் தீர்மானித்தால், அதன் பயனை முதலில் அடைவது அவ்வூர் மண்ணேயாகும்.