பட்டைக்குக் கிரீஸ்: அன்றும் இன்றும்

பூந்தமல்லியைத் தாண்டி மேற்கே போனால் நசரத்பேட்டை. ஊரை ஒட்டிப் போகும் நெடுஞ்சாலைக்கு முன்பு 4 என்று எண், இப்போது 48. லாரிக்காரர்களுக்கு அது அன்றும் இன்றும் பெங்களூர் ரோடுதான். மாட்டு வண்டியும் லாரியும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போன அந்தச் சாலையை, இன்று வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலை இங்கே குறுக்கே கடக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் செய்த கார்களை ஏற்றிய கேரியர்கள், எம்-சாண்ட் டிப்பர்கள், தண்ணீர் லாரிகள், கன்டெய்னர்கள் என்று இரவு பகலாக ஓட்டம். சாலையைப் போலவே மாறிவிட்ட ஒன்று அந்த வண்டிகளின் அடியில் இருக்கிறது. பாரம் தாங்கும் வில் பட்டைக்கும் அதைப் பிடிக்கும் பின்னுக்கும் கிரீஸ் அடிக்கும் வேலை அது.

மாட்டு வண்டிக்கு வேண்டியது வண்டி மை. வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வைத்துக்கொள்வார்கள். கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தை வெளியே இழுத்து, அச்சில் தடவி மறுபடி ஏற்ற வேண்டும். எப்போது தடவுவது என்பதைச் சக்கரமே கத்திச் சொல்லிவிடும்.

லாரி அப்படிக் கத்துவதில்லை. கத்தத் தொடங்கும்போது பின்னைச் சுற்றியிருக்கும் புஷ் தேய்ந்து முடிந்திருக்கும். எண்ணூரில் அசோக் லேலண்ட் என்ற பெயர் வந்தது 1955-இல். அதன் காமெட் லாரியும் டாடாவின் 1210-ம் ஓடிய காலத்தில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை கிரீஸ் அடிப்பது வழக்கம். பட்டையின் ஒரு முனையில் ஒரு பின், சாக்கிள் என்ற ஆடும் இணைப்பு இருக்கும் மறுமுனையில் இரண்டு. இப்படிப் பின் போட்ட நான்கு பட்டைகளுக்கு மட்டும் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் 12. கிங் பின், டிராக் லிங்க், ஜாயின்ட் கிராஸ் எல்லாம் அதற்கு மேல்.

வேலை கிளீனர் பையனுடையது. நிப்பிளைத் துணியால் துடைக்காமல் கிரீஸ் கன்னை வைத்தால் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும் என்பதுதான் அவன் கற்கும் முதல் பாடம். கிங் பின்னுக்கு அடிக்குமுன் முன் அச்சை ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். பாரம் அழுத்திக்கொண்டிருக்கும் பக்கத்தில் இடைவெளி இராது. தூக்கினால்தான் தேய்கிற பக்கத்துக்குக் கிரீஸ் போகும். நெம்புகோலை அழுத்த அழுத்த, பின்னின் ஓரத்தில் முதலில் கறுப்பாக, இரும்புத் தூளோடு பழையது வரும். பிறகு சேற்று நிறம். கடைசியில் டின்னில் இருக்கும் அதே நிறத்தில் புதியது எட்டிப்பார்க்கும். அங்கே நிறுத்தலாம். ஒன்றும் வெளியே வராவிட்டால், "ஏற மாட்டேங்குதுண்ணே, நிப்பிள் அடைச்சிருக்கு" என்று அடியிலிருந்து குரல் வரும். நிப்பிளைக் கழற்றி டீசலில் கழுவிப் பார்ப்பார்கள், தேறாவிட்டால் புதிது.

கிரீஸ் என்பது எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் சோப்பு. எந்த உலோகத்தின் சோப்பு என்பதில்தான் அதன் குணம் இருக்கிறது. அன்றைய சேசிஸ் கிரீஸ் கால்சியம் சோப்பு: தண்ணீரைத் தாங்கும், 60 டிகிரியைத் தாண்டினால் தளரத் தொடங்கும், 100-ஐ நெருங்கும்போது உருகி ஒழுகும். வீல் பேரிங்குக்கு வந்த சோடியம் கிரீஸ் சூட்டைத் தாங்கும், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். ஆகவே பட்டறையில் இரண்டு டின், இரண்டையும் மாற்றி எடுக்காத ஒரு கை. 1940-களில் அமெரிக்காவில் லித்தியம் கிரீஸ் வந்து இந்தச் சிக்கலைத் தீர்த்தது. உருகுநிலை 180 டிகிரிக்கு மேல், தண்ணீரையும் ஓரளவு தாங்கும். இந்தியப் பட்டறைகளிலும் பின்னாளில் ஒரே டின் போதும் என்று ஆனது.

அந்த லித்தியம் சோப்புக்கு வேண்டிய கொழுப்பு அமிலம் வருவது ஆமணக்கிலிருந்து. உலகத்தின் ஆமணக்கில் பெரும்பகுதி இந்தியாவில், அதிலும் குஜராத்தில் விளைகிறது. மாட்டு வண்டியின் அச்சில் தடவிய அதே விளக்கெண்ணெய், ரசாயனம் மாறி, கன்டெய்னர் லாரியின் கிங் பின்னுக்குள் போகிறது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து கிரீஸ் டின்னை நான் வேறு மாதிரித்தான் பார்க்கிறேன்.

அன்று நிறம் பார்த்தும் விரலில் இழுத்துப் பார்த்தும் வாங்கினார்கள். இன்று சிவப்போ நீலமோ வெறும் சாயம். டின்னின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். கெட்டித்தன்மைக்கு என்.எல்.ஜி.ஐ. எண் உண்டு. நம் ஊர் வெயிலுக்கு 2 சரி. குல்மார்க் பனியில் ஓடும் ஸ்னோமொபைலின் சஸ்பென்ஷனுக்கு அதே 2, சாதாரண எண்ணெயில் செய்ததாக இருந்தால், குளிரில் கல்லாகிவிடும். அங்கே சிந்தெடிக் எண்ணெயில் செய்த இளகிய ரகம் வேண்டும். இன்னொன்று, ஒரு வகை கிரீஸ் இருக்கும் இடத்தில் ஒத்துப்போகாத வகையை அடித்தால் இரண்டும் சேர்ந்து நீர்த்து ஒழுகலாம். பழையது முழுக்க வெளியே வரும்வரை அடிப்பதே வழி.

1210 என்றால் 12 டன், 100 குதிரைத்திறன். அதே கணக்கில் இன்று ஓடும் 5530, 55 டன், 300 குதிரைத்திறன். இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன்னாக இருந்த மொத்த எடை வரம்பை 2018 ஜூலையில் 18.5 ஆக உயர்த்தினார்கள். பாரம் இப்படி ஏற, நிப்பிள்கள் குறைந்துகொண்டே வந்தன. பத்துப் பன்னிரண்டு தகடுகள் இருந்த இடத்தில் இரண்டு மூன்று தகட்டுப் பாரபோலிக் பட்டை. ஒன்றோடொன்று உரசாததால் நடுவில் பூசவேண்டியதில்லை. பின் இருந்த இடத்தில் ரப்பர் புஷ். சில பேருந்துகளில் மோட்டாரே குழாய் வழியாக வேளாவேளைக்குக் கிரீஸ் அனுப்புகிறது. அடியில் மல்லாந்து படுத்துக் கண்ணில் மண் விழ வேலை செய்த பையன்களுக்கு இது விடுதலை. அந்த வேலை திரும்பி வரவேண்டும் என்று ஆசைப்பட எனக்கு மனம் வராது.

போனது வேறு. கிரீஸ் அடிக்கப் போனவன் வண்டியின் அடி முழுவதையும் பார்த்தான். மெயின் பட்டையில் முடிபோல ஓடும் விரிசல், தளர்ந்த யூ போல்ட், நகர்ந்துவிட்ட சென்டர் போல்ட், பிரேக் குழாய் உரசும் இடம் எல்லாம் அவன் கண்ணில் பட்டுத்தான் ஓட்டுநருக்குத் தெரிந்தன. நிப்பிள் இல்லாத வண்டியின் அடியில் படுக்க யாருக்கும் காரணம் இல்லை. சர்வீஸ் தேதி வரும்வரை விரிசல் தன் போக்கில் வளர்கிறது. கிரீஸ் வேண்டாத வண்டிக்கும் மாதம் ஒரு முறை ஒரு டார்ச்சும் ஓர் ஆளும் வேண்டும் என்பது என் எண்ணம்.

எப்போதும் நனைந்தே ஓடும் தண்ணீர் லாரிக்கும், ஈர மணல் ஏற்றும் டிப்பருக்கும் இன்னும் கன் தேவைப்படுகிறது. அந்தக் கன்னுக்குள் போகும் கிரீஸும் மாறி வருகிறது. மின்வண்டி பேட்டரிக்கு லித்தியம் போகத் தொடங்கியதும் அதன் விலை ஏறியது. 2022-இல் உச்சம் தொட்டது. கிரீஸ் செய்பவர்கள் மறுபடி கால்சியம் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். இது பழைய கால்சியம் சோப்பு அன்று, கால்சியம் சல்ஃபோனேட். உருகுநிலை 300 டிகிரி அளவுக்கு உண்டு, தண்ணீரோடு கலந்தாலும் பிடிப்பு விடாது, துருவையும் தடுக்கும். விலை கூடுதல். தண்ணீர் லாரி வைத்திருப்பவர் கேட்டால் அதையே வாங்கச் சொல்வேன்: சாக்கிள் பின்னும் புஷ்ஷும் மாற்றும் செலவோடு, அதற்காக வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களின் வாடகையையும் கூட்டிப் பார்த்தால் டின் விலை பெரிதில்லை.