மருமக்கள்வழித் தும்பி

ஐப்பசியில் சிதறால் மலைக்கோவில் சுனைப் பக்கம் போனால் தலைக்கு மேலே தும்பிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். லேசில் உட்காராது. நம் ஊர்த் தும்பி என்றுதான் சின்ன வயதில் வாலில் நூல் கட்டினோம். 2016-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் ஜப்பான், கொரியா, இந்தியா, கனடா, தென் அமெரிக்கா எனப் பல இடங்களில் பிடித்த இதே இனத் தும்பிகளின் மரபணுவை ஒப்பிட்டார்கள். பெரிய வித்தியாசமே இல்லை. கடல் தாண்டிச் சம்பந்தம் வைத்துக்கொள்கிற ஜாதி அது.

அவர்கள் படித்தது மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணு. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும். தாய்வழியே சொத்து இறங்கிய பழைய நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மாதிரி. தலைமுறைகள் போகப் போக அந்த மரபணுவின் எழுத்து வரிசையில் எப்போதாவது ஒரு பிழை விழுந்து தங்கிவிடும். பிரிந்து நாளாக நாளாகப் பிழைகளும் கூடும்.

இந்த மலையிலிருந்து வடக்கே, அகத்தியமலை அடிவாரத்தில் கதை வேறு. திருவனந்தபுரம் மாவட்டத்துப் பேப்பாறைக்குப் பக்கத்தில் கிடைத்த ஓர் ஊசித்தும்பியைப் புதிய இனம் என்று 2024-இல் அறிவித்தார்கள். கருத்த நீள உடம்பு, பளிச்சென்ற நீலத் திட்டு. அகத்தியமலை மூங்கில்வால் என்று பெயர். அதன் பேரினத்தில் அதுவரை ஒரே ஓர் இனம்தான் தெரியும். அதோடு வைத்துப் பார்த்தால் தாய்வழி மரபணுவில் நூறு எழுத்துக்கு ஏழுக்கு மேல் மாறியிருந்தது. கண்ணுக்கு அண்ணன் தம்பி. மரபணுவில் எப்போதோ பாகம் பிரிந்த குடும்பம்.

தாய்வழிக் கணக்கு இதற்கு மேல் உதவாது. பக்கத்துப் பக்கத்து ஓடைகளில் இருப்பவை இன்னும் கலக்கின்றனவா என்று அறிய, ஒரே எழுத்துத் துணுக்கு திரும்பத் திரும்ப வரும் இடங்களில் அது எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும்; அந்த எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். பிரிட்டனில் அருகிவரும் ஓர் ஊசித்தும்பியை இப்படிப் பார்த்திருக்கிறார்கள். அதில் பெரும்பாலானவை பிறந்த ஓடையிலிருந்து சில நூறு மீட்டர்கூடப் போவதில்லை. நடுவில் ஒரு தோட்டமோ ரோடோ வந்தால் உறவு அறுந்துவிடலாம்.

சோதனைக்குத் தும்பியைக் கொல்ல வேண்டியதில்லை. ஆறு காலில் ஒன்று போதும். அதுகூட மனசு கேட்காவிட்டால், விடியற்காலையில் ஓடைக்கரைப் பாறையில் ஒட்டியிருக்கும் உரித்த சட்டையே போதும்: முதுகு பிளந்து, உள்ளே வெள்ளை நூல் தொங்க, ஊதினால் பறக்கிற சருகு.

கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் குளிக்கப் போகிறவர்கள் கரையோரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். கருப்பும் நீலமுமாய் ஏதாவது தொங்கினால் பிடிக்க வேண்டாம். படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டால் போதும்.