கீரை கலந்த சீஸ் மக்கரோனி

வேலை முடிந்து பொழுதுபடும் நேரம் வீடு திரும்பினால் சோறு, கறி, சுண்டல் என்று மூன்று சட்டி வைக்க முடிவதில்லை. பிள்ளைகளும் கீரையென்றால் முகத்தைத் திருப்புவார்கள். அப்படியான நாட்களில் நான் செய்வது இது. இருபது நிமிடம், ஒரே சட்டி.

நால்வருக்கு 250 கிராம் மக்கரோனியை உப்பிட்ட கொதிநீரில் அவியுங்கள். வடிக்கும்போது அந்தத் தண்ணீரில் ஒரு பேணி எடுத்து வையுங்கள். கிறீம் வாங்கத் தேவையில்லை. தண்ணீரில் இறங்கிய மாச்சத்துத்தான் சீஸுடன் சேர்ந்து தடிப்பைத் தருகிறது.

அதே சட்டியில் சிறிது மாஜரின் விட்டு, உள்ளி நான்கு பல்லு தட்டிப் போட்டு, பொடியாக அரிந்த பசளியை வதக்குங்கள். முருங்கையிலை என்றால் தண்ணீர் தெளித்து இன்னும் சற்று வேகவிட வேண்டும். பின் மக்கரோனி, எடுத்துவைத்த தண்ணீர், மிளகுத்தூள். சட்டியை இறக்கிய பிறகே முக்கோணச் சீஸ் நான்கைப் பிய்த்துப் போட்டுக் கிளறுங்கள். கட்டிச் சீஸைத் துருவிப் போடுவதானாலும் இறக்கிய பிறகுதான். கொதிக்கும்போது போட்டால் திரைந்துவிடும். சீஸில் உப்பு உண்டு, கவனம்.

உண்ணும்போது தேசிக்காய்ப்புளி சில துளி விட்டால் கீரையின் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். உடனே தேநீர் குடித்தால் அது குறையும். ஒரு மணித்தியாலம் பொறுங்கள்.

மாதவிடாய் உள்ள எமக்கே அந்தச் சத்து அதிகம் தேவை. நாமோ கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறோம். இது ஆறினால் இறுகிவிடும். பிள்ளைகளுக்குப் போடும்போதே உங்கள் கோப்பையிலும் போட்டுக்கொள்ளுங்கள்.